பின்ரூம் பிள்ளைகள்

எழிலரசி என்று கேட்டால் காலனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. மனு எழிலு என்று கேட்க வேண்டும். அதுவும் பிடிபடாத பழைய ஆட்களிடம், படவேட்டிலிருந்து வந்த செல்லம்மாளின் மூத்த பெண், ரைஸ்மில் களத்தில் நெல் காயவைத்த சடையனுக்குப் பிறந்தவள், மூட்டை தூக்கும் முத்துவேலுக்கு அக்கா என்று வரிசையாகச் சொன்னால், "அட, அந்தப் பொண்ணா!" என்பார்கள். போளூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள்தான். புருஷன் சின்னப்பையன் இந்தப் பக்கம் ஆரணிக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அதனால் கல்யாணமான மறுவருஷமே பிறந்த ஊருக்கே குடி வந்துவிட்டாள்.

தாலுகா ஆபீசுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பது அவள் வேலை. பட்டா கேட்பவர், பென்ஷன் கேட்பவர், மருமகன் மேல் புகார் சொல்பவர், எல்லோரும் அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொல்லுவார்கள். அவள் அழாமல் அடிப்பாள். எந்த மனு எந்த ஆபீசில் நகரும், எந்த ஆபீசில் தூங்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். காலனிக்குக் குழாய் வந்ததும் விளக்கு வந்ததும் அவள் நடந்த நடையால்தான். சிமெண்டுப் பாதை போட்டபோது, "யம்மா எழிலு, உன் செருப்பு தேயுதுன்னு பயந்துகினு கவர்மெண்ட்டே ரோடு போட்டுடுச்சி" என்று கிழவிகள் கிண்டல் செய்தார்கள்.

ஊருக்காக அப்படி நிமிர்ந்து நடந்தவள், தன் தம்பி முத்துவேல் எதிரே வந்தால் மட்டும் பார்வையைத் தாழ்த்திக்கொள்வாள். அது ஏன் என்று தெரிய வேண்டுமானால் அவர்கள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

நெசவுத் தெருவின் கோடியில் இருக்கிறது அந்தப் பள்ளி. தெருப் பெரியவர்கள் கமிட்டி வைத்து நடத்துகிறார்கள். வாத்தியார்களுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. காலனியிலிருந்து அங்கே போக நேர்வழி நெசவுத் தெருதான். அந்தக் காலத்தில் விடிந்ததும் தெரு நீளத்துக்குப் நெசவுக்கான பட்டு இழைகளைப் பாவாக இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி போட்டு, இழை பிரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். பாவு கிடக்கும் நேரத்தில் காலனி ஆள் யாரும் தெருவில் கால் வைக்கக் கூடாது. ஓர் இழை அறுந்தாலும் அவர்கள் நிழல் பட்டு அறுந்ததாகிவிடும். அதனால் காலனிப் பிள்ளைகள் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வரும். வந்து சேர்வதற்குள் பிரேயர் முடிந்திருக்கும். பாடம் நடக்கும்போது உள்ளே நுழைந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று, பின்னால் விறகும் உடைந்த பெஞ்சும் போட்டுவைத்திருந்த அறையில் யாரோ ஒரு வாத்தியார் அவர்களை உட்காரவைத்தார். அன்றைக்கு மட்டும் என்றுதான் உட்காரவைத்தார். அந்த வாத்தியார் செத்துப்போனார், அறை நிலைத்துவிட்டது. முன்ரூம், பின்ரூம். சாதி என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. லேட்டாக வருகிற பிள்ளைகளின் ரூம், அவ்வளவுதான்.

எழிலரசிக்குக் கணக்கு நன்றாக வரும். ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள் பெரிய வாத்தியார் பின்ரூமுக்கு வந்து, "நீ புஸ்தகத்த எடுத்துகினு முன்ரூமுக்கு வா" என்றார். கடைசி பெஞ்சு, ஜன்னலோரம். மேலே ஃபேன் சுற்றியது. செல்லம்மாள் மில் களத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டே அந்தச் சேதியை எல்லோரிடமும் சொன்னாள். அந்த வருஷம் ஓர் அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தார். எழிலரசியை எழுப்பி, காலனிப் பெண் என்று காட்டினார்கள். அவள் வாய்ப்பாடு சொன்னாள். அதிகாரி முதுகில் தட்டிவிட்டுப் போனார். பின்ரூம் பக்கம் அவரை யாரும் கூட்டிப் போகவில்லை.

முன்ரூமில் யாரும் அவளிடம், உன் ஆட்களோடு பேசாதே என்று சொல்லவில்லை. அவளே கற்றுக்கொண்டாள். ஒருநாள் பென்சில் டப்பாவை வீட்டில் மறந்து வந்துவிட்டாள். முத்துவேல் அப்போது மூன்றாவது. அக்கா அழுவாளே என்று பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி, டப்பாவை எடுத்துக்கொண்டு, ஏரிக்கரைச் சேறு முழங்கால் வரைக்கும் அப்பியிருக்க, முன்ரூம் ஜன்னலுக்கு வந்து நின்றான்.

"அக்கா! அக்கா! டப்பா!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாருடி அது, உன் தம்பியா?" என்று கேட்டாள்.

எழிலரசி கரும்பலகையைப் பார்த்தபடி, "யாருன்னு தெரியல" என்றாள்.

முத்துவேல் அழவில்லை. டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பின்ரூமுக்குப் போனான். அன்று சாயங்காலம் வீட்டில், "சாப்பிட வர்றீங்களா?" என்று அவளைக் கேட்டான். செல்லம்மாள் சிரித்தாள். "இன்னாடா புதுசா மரியாத, கலெக்டராண்டயா பேசற?" என்றாள். அவன் விளையாடவில்லை. அக்கா என்ற சொல்லை அன்றோடு விட்டுவிட்டான்.

ஏழாவதோடு படிப்பை நிறுத்தி மில்லில் மூட்டை தூக்கப் போனான். அவள் செய்யாறு வரை போய்ப் பட்டம் வாங்கினாள். தம்பி தன் கடமை எதையும் விட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவளுக்குக் கல்யாணம் என்றபோது முறுக்கு சுடுவதிலிருந்து பந்தல் பிரிப்பதுவரை அவன்தான். அவள் மகள் தீபாவுக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் காது குத்தியபோது தாய்மாமன் மடியென்று அவன் மடியில்தான் குழந்தை உட்கார்ந்து கத்தியது. அப்போதும், "குழந்தை தலைய புடிங்க" என்றுதான் அவளிடம் சொன்னான். சொந்தத் தம்பி அக்காவை 'ங்க' போட்டுப் பேசுவது நம் பக்கத்தில் மரியாதை இல்லை. அந்த ஒவ்வொரு 'ங்க'வுக்கும் அவள் கூசினாள். எதனால் என்று அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பிற்பாடு காலனிக்கே ஐந்தாவது வரை ஒரு சின்னப் பள்ளி வந்தது. தீபாவும், முத்துவேலின் மகள் ரேணுகாதேவியும் அதில்தான் ஒன்றாகப் படித்தார்கள். ஆறாவதிலிருந்து நெசவுத் தெருப் பள்ளிக்குப் போக வேண்டும். முதல் நாள் போய்வந்த தீபா, "அம்மா, எங்க ரூம்ல ஃபேன் இல்ல. அது பேரு பின்ரூமாம்" என்றாள். தோசைக் கரண்டியோடு எழிலரசி அப்படியே நின்றாள். தோசை கருகியது.

மறுநாளே பட்டுக்கடைத் தனசேகரனிடம் போனாள். அவர்தான் கமிட்டிச் செயலாளர். கல்லாவில் இருந்தபடியே உட்காரச் சொன்னார், குடிக்க மோர் கொடுத்தார். பேப்பர் கப்பில்.

"காலனிப் பசங்க லேட்டா வருதுங்கம்மா. பாவு போட்ட காலத்துலேருந்து அதான் வழக்கம்."

"இப்ப எங்க சார் தெருவுல பாவு போடறீங்க? எல்லாம் மிஷின்ல ஓடிகினு வருது. பசங்களும் தெரு வழியாதான் வருது. பிரேயருக்கே நிக்குது."

"மிஷின் வந்தா வழக்கம் போயிடுமா?" என்று சிரித்தார். "இவ்ளோ படிச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் அங்கதான படிச்சீங்க? நீங்க கூட முன்ரூமாச்சே!"

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எழிலரசி மோரைக் குடிக்காமல் கப்பைக் கல்லா மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

அதன் பிறகு அவள் ஓயவில்லை. கல்வி ஆபீசுக்கு மனு, திங்கட்கிழமை தோறும் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் மனு, பள்ளி வாசலில் அட்டை பிடித்து நிற்பது. நெசவுத் தெருவில் அவள் தலை தெரிந்தாலே, "வந்துட்டா பாரு பேஜாரு" என்று ஜன்னலைச் சாத்தினார்கள். காலனி ஜனம் வேலையை விட்டுவிட்டு அவளோடு நின்றது. முத்துவேலும் திருவண்ணாமலைக்கு வந்து வெயிலில் நின்றான். "எனக்குப் பேச வராது. நீங்க பேசுங்க, நான் நிக்கறேன்" என்றான். நின்றான்.

கடைசியில் விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வருகிறார் என்று கடிதம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே ரூமில் உட்கார வேண்டும், அது ஒன்றுதான் அவர்கள் கேட்டது.

விசாரணைக்கு முந்தின வாரம் தலைமையாசிரியர் ஹேமநாத் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். வெளியூர்க்காரர். குரல் உயர்த்தாதவர். கமிட்டிக்குப் பயந்தவர். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"மேடம், உங்க பொண்ணு ரொம்ப நல்லா படிக்குது. அத முன்ரூமுக்கு மாத்திடறேன். கமிட்டில நான் பேசிட்டேன்."

"மத்த பசங்க?"

"ஒண்ணொண்ணாதான மாத்த முடியும்? முதல்ல ஒண்ணு போகட்டும். கதவு தொறந்தா அப்பால மூட முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

எழிலரசிக்கு எல்லாம் தெரியும். ஐந்தாவது படித்தபோது தன்னை எதற்கு அழைத்தார்கள் என்று அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் தீபாவின் கணக்கு நோட்டு அவள் கண்ணில் வந்து நின்றது. பின்ரூமில் ஒரே டீச்சர் மூன்று வகுப்பு பார்க்கிறார். பெண் வீணாய்ப் போகிறாளே. ஒன்று போனால் மற்றது வரும் என்று அவர் சொன்னதை அப்படியே எடுத்துத் தன் வாயால் தனக்கே சொல்லிக்கொண்டாள். "சரிங்க சார்" என்றாள். ஜெராக்ஸ் காசை வாங்க மறந்துவிட்டாள்.

சின்னப்பையனிடம் சொன்னபோது, "முத்துவேல் மச்சானாண்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"அப்பால சொல்றேன்."

"அப்பாலன்னா எப்ப? ரேணுகா பின்ரூம்ல, இது முன்ரூம்ல. அவன் இன்னா நெனப்பான்?"

"நீ ஆட்டோவ பாரு" என்று சீறினாள்.

தீபா முன்ரூமுக்குப் போனாள். மாலை முத்துவேல் தவிட்டுத் தூசி படிந்த தோளோடு வாசலில் வந்து நின்றான். "பாப்பாவ முன்ரூமுக்கு மாத்திட்டாங்களாமே. ஸ்கூல்லயே மாத்திட்டாங்களா?"

"ஆமா... அவங்களே மாத்திட்டாங்க."

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை அவளால் வாசலைவிட்டு உள்ளே வர முடியவில்லை.

விசாரணை அன்று அதிகாரியாக வந்தவர் ஓர் அம்மாள். கண்டிப்பானவர் என்று பேச்சு. காலனி ஜனம் வராந்தாவில் கூடியிருந்தது. முத்துவேல் ஒரு தூணோரம் நின்றான். தனசேகரன் சட்டையில் சந்தனம் மணக்க அதிகாரியை முன்ரூமுக்கு அழைத்துப் போனார். கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தீபாவை எழுந்திருக்கச் சொன்னார்.

"பாருங்கம்மா. இது காலனிப் பொண்ணு. யாரு பொண்ணு தெரியுங்களா? மனு குடுத்த அம்மாவோட பொண்ணேதான். நாங்க பிரிச்சி வெக்கிறவங்களா இருந்தா இது இங்க உட்காந்துகினு இருக்குமா?"

அதே பெஞ்சு. அதே ஜன்னல்.

அதிகாரி திரும்பினார். "என்னம்மா, உங்க பொண்ணு இங்கதானே இருக்கு? அப்புறம் என்ன புகார்?"

காலனி ஜனம் மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது. எனக்குத் தெரியாமல் மாற்றிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹேமநாத் மறுக்கப்போவதில்லை, அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியிடம் சொன்ன பொய்யோடு அதுவும் பொருந்தும். வழக்கும் கெடாது, மானமும் போகாது. அவள் வாயைத் திறந்தேவிட்டாள்.

அதற்குள் அதிகாரி குழந்தையிடமே குனிந்து கேட்டார். "பின்ரூம்ல யாரெல்லாம் படிக்கிறாங்க பாப்பா?"

"லேட்டா வர்ற பசங்க, மிஸ்."

"அங்க உனக்கு ஃப்ரெண்ட் இருக்காங்களா?"

"ரேணுகா. எங்க மாமா பொண்ணு. அவ லேட்டா வருவா, அதான் அங்க."

"நீ யாரோட வருவே?"

"ரேணுகாவோடதான். டெய்லி ஒண்ணாதான் வருவோம்."

வராந்தாவில் யாரோ சிரித்துவிட்டார்கள். தீபாவுக்கு என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக இல்லை அது. தனக்குச் சொல்லிக்கொடுத்ததை நம்பிவிட்ட முகம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, பெண் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

திறந்த வாயை எழிலரசி மூட முடியாமல் நின்றாள். பிறகு பேசினாள். மனுவில் எழுதுகிற பாஷை வரவில்லை.

"அவங்களா மாத்தலீங்க மேடம். எங்கிட்ட கேட்டாங்க. நான்தான் சரின்னேன். இவங்க யாருக்கும் சொல்லாம சரின்னேன்."

தீபா உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கை காட்டினாள்.

"எனக்குத் தெரியாம இல்ல. நானும் இதே பெஞ்சுலதான் உட்காந்தேன். அப்பயும் இப்படித்தான் ஆபீசர் வந்தாரு, என்ன எழுப்பிக் காட்டினாங்க, நான் வாய்ப்பாடு சொன்னேன். ஒருத்திய முன்னாடி உட்கார வெச்சிட்டா மத்தவங்கள காட்டவே வேணாம். அதுக்குத்தான் கூப்புடறாங்கன்னு தெரிஞ்சும் எம்பொண்ண அனுப்பினேன்."

தூணோரம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அப்ப என் தம்பி எனக்கு டப்பா எடுத்துகினு இந்த ஜன்னலாண்ட வந்தான். யாருன்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். யாரும் அப்படி சொல்லச் சொல்லி எனக்குச் சொல்லித்தரல மேடம். அந்தப் பெஞ்சுல உட்காந்தா தானா வந்துடுது. இப்ப பாருங்க, எம்பொண்ணுக்கும் வந்துடுச்சி."

அழுதுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை. அழுதால் யாராவது ஆறுதல் சொல்லிவிடுவார்கள், அதற்குத் தனக்கு அருகதை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் ஒருத்தி மட்டும், "இத்த முன்னாடியே சொல்லியிருந்தா இன்னாடி?" என்று முணுமுணுத்தாள். நியாயமான கேள்வி.

அதிகாரி யாரையும் கூப்பிடாமல் தானாகவே பின்ரூமுக்கு நடந்தார். அங்கே உட்கார்ந்து பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகப் பேசினார். எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டார். தனசேகரன் வாசலில் நின்று, "அது பாவு போட்ட காலத்து வழக்கங்கம்மா" என்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை.

அரைப் பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்தபோது உத்தரவு வந்துவிட்டது. பின்ரூமுக்குப் பூட்டு. நெசவுத் தெருவில் சில குடும்பங்கள் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு வேன் வருகிற பள்ளிக்கு அனுப்பின. மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அனுப்பினார்கள். ஆனால் அனுப்பினார்கள். காலனியில் எழிலரசிக்கு மாலை போட வேண்டும் என்று பேச்சு வந்தது. அவள் கடையைவிட்டு நகரவில்லை. பழையபடி மனு அடித்துக்கொண்டிருந்தாள். முன்பு போல் கிண்டல் செய்ய ஒருவருக்கும் வாய் வரவில்லை, அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

முத்துவேல் அந்த விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பாரம் குறைந்திருக்கும்.

ஒரு மழை நாளில் தீபாவுக்குக் குடை கொடுக்க எழிலரசி பள்ளிக்குப் போனாள். வராந்தா ஓரம் ஈரத் தலையோடு முத்துவேல் நிற்பது தெரிந்தது. மில்லிலிருந்து நேராக வந்திருக்கிறான், தோளில் தவிடு மழையில் கரைந்து கூழாய் வழிந்தது. கையில் ரேணுகா மறந்துவிட்டுப் போன ஜாமெட்ரி பாக்ஸ். முன்ரூம் ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி நின்றான். கிட்டே போகவில்லை. கூப்பிடவும் இல்லை. வேட்டியைத் தட்டிச் சரி செய்துகொண்டான், அவ்வளவு பெரிய ஆள்.

உள்ளே ரேணுகா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த தீபா தலையைத் தூக்கினாள்.

"மாமா!" என்று வகுப்பே அதிரக் கத்திவிட்டு, பெஞ்சைத் தாண்டி ஜன்னலுக்கு ஓடிவந்தாள். "ஏய் ரேணுகா, உங்கப்பா வந்துக்கிறாரு பாரு! மாமா, இன்னா இப்படி நனைஞ்சிகினு வந்துக்கிறீங்க?"

டீச்சர் அதட்டினார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. தீபா யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை. கம்பி வழியே கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டாள். முத்துவேல் அவள் தலையை ஒருதரம் தொட்டுவிட்டுத் திரும்பினான்.

அப்போதுதான் வராந்தா முனையில் நின்ற எழிலரசியைப் பார்த்தான். அவள் மடக்கிய குடையை இறுகப் பிடித்தபடி சாரலில் நனைந்துகொண்டிருந்தாள். பத்து வயதுப் பெண்ணாய் அதே ஜன்னலுக்கு உள்ளே தான் செய்ய மாட்டாமல் போனது எவ்வளவு சின்னக் காரியம் என்று இப்போது கண்ணால் பார்த்துவிட்டாள். ஒரு சொல், அவ்வளவுதான். தலை தானாகக் குனிந்தது.

முத்துவேல் அவளைக் கடக்கும்போது நின்றான். ஏதோ சொல்ல வருகிறவன் போல உதடு அசைந்தது. மழை ஓட்டில் இரைந்தது.

"கொடை வெச்சிகினு ஏன் நனையறீங்க" என்றான். பிறகு, "வரேங்க" என்று படியிறங்கிப் போனான்.

அவள் கையில் இருந்த குடையை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியபோது, அவன் நெசவுத் தெருவில் பாதி தூரம் போயிருந்தான்.